சனிக்கோளைத் தொலைத்த சேனல்

2009 மார்ச் 17. நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் சபைத் தலைமையகத்தில் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றிப் பேசுவதற்காகக் கூட்டம் கூடியது. தொடரின் பெயர் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'. நடிகர்கள் எட்வர்ட் ஜேம்ஸ் ஓல்மோஸ், மேரி மெக்டோனல், தொடரை உருவாக்கிய ரொனால்ட் டி. மூர், டேவிட் ஐக் ஆகியோர் ஐ.நா. அதிகாரிகளோடு ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் நடிகை வூப்பி கோல்ட்பெர்க். மனித உரிமை, பயங்கரவாதம், போரில் சிக்கிய குழந்தைகள், எதிரிகளுக்கு இடையே சமரசம் என்று பேச்சு போனது. மனிதர்களுக்கும் இயந்திர மனிதர்களுக்கும் நடக்கும் ஒரு கற்பனைப் போர், உண்மையான போர்களைப் பற்றிப் பேச உதவும் என்று உலக அமைப்பு ஒன்று ஒப்புக்கொண்ட நாள் அது.

அதற்கு முதல் நாள்தான் அந்தத் தொடரை ஒளிபரப்பிய சேனல் தன் பெயரையும் சின்னத்தையும் மாற்றப் போவதாக அறிவித்திருந்தது. 17 ஆண்டுகளாகத் தாங்கி வந்த 'சை-ஃபை சேனல்' என்ற பெயர் போகும். வளையம் சூழ்ந்த சனிக்கோள் சின்னம் போகும். பதிலாக, அதே உச்சரிப்பில், ஆங்கிலத்தில் எஸ்-ஒய்-எஃப்-ஒய் என்று எழுதப்படும் 'சைஃபை' வரும். அறிவியல் புனைகதைக்கு அதுவரை கிடைக்காத மரியாதை கிடைத்த அதே வாரத்தில், அதற்கென்றே பிறந்த சேனல் அந்தப் பெயரிலிருந்து விலகி நிற்க முடிவு செய்தது.

ஒரு சேனலை மக்களிடம் கொண்டு சேர்க்கும் வடிவமைப்புத் திட்டத்தை எப்படித் தீட்ட வேண்டும், எங்கே அது தடம் மாறும் என்பதைக் கற்க இந்த ஒரு சேனலின் வரலாறே போதும். 1992 முதல் இன்றுவரை அது பல முறை முகம் மாற்றியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் வரைபலகைக்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தேவைப்பட்டது: நம் நேயர் யார், அவரை நாம் மதிக்கிறோமா?

கையில் பழைய சரக்கு, கண்ணில் எதிர்காலம்

இந்தச் சேனலுக்கான யோசனை ஃபுளோரிடாவைச் சேர்ந்த மிட்செல் ரூபன்ஸ்டைன், லோரி சில்வர்ஸ் ஆகிய இருவருடையது. ஒளிபரப்பு தொடங்கும் முன்பே அதை யுஎஸ்ஏ நெட்வொர்க் வாங்கிவிட்டது. ஆலோசகர்களாக எழுத்தாளர் ஐசக் அசிமோவும் 'ஸ்டார் டிரெக்' உருவாக்கிய ஜீன் ராடன்பெரியும் இருந்தார்கள். ராடன்பெரி 1991 அக்டோபரிலும் அசிமோவ் 1992 ஏப்ரலிலும் காலமானார்கள். 1992 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய ஒளிபரப்பு அவர்கள் இருவரின் நினைவுக்கும் காணிக்கையாக்கப்பட்டது. முதலில் காட்டிய படம் 'ஸ்டார் வார்ஸ்'. தொடக்க விழா நியூயார்க்கின் ஹேடன் கோளரங்கத்தில் நடந்தது. தொகுத்து வழங்கியவர் 'ஸ்டார் டிரெக்'கில் ஸ்போக்காக நடித்த லியோனார்ட் நிமாய்.

விழாவுக்கு மறுநாள் சேனலின் கையிருப்பு என்ன? பெரும்பாலும் மற்ற சேனல்களில் எப்போதோ ஓடி முடிந்த பழைய தொடர்கள். 1960-களின் 'டார்க் ஷேடோஸ்' போன்றவை. சொந்தமாகப் புதிய தொடர்கள் எடுக்கப் பணம் இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில்தான் வடிவமைப்பின் பலம் தெரியும். நிகழ்ச்சி பழையதாக இருந்தாலும், நிகழ்ச்சிகளுக்கு நடுவே உள்ள நொடிகள் புதியவையாக இருக்கலாம் அல்லவா?

அங்கே பிறந்ததுதான் 'எஃப்டிஎல் நியூஸ்ஃபீட்'. ஒளியை விட வேகமான செய்தி என்று பொருள்படும் பெயர். 150 ஆண்டுகளுக்குப் பிறகு வாசிக்கப்படும் செய்தியறிக்கை போல அரை நிமிடத் துணுக்குகள். விளம்பரங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு செய்தியாளர் 2142-ஆம் ஆண்டின் அரசியலையும் பெருநிறுவனச் சண்டைகளையும் சாதாரணமாக வாசித்துவிட்டுப் போவார். துணுக்குகள் ஒன்றோடொன்று கோத்து ஒரு நீண்ட கதையாகவும் வளர்ந்தன. 1996 வரை நான்கு ஆண்டுகளுக்கு மேல் இது ஓடியது.

இதை நான் மிகவும் உயர்வாக மதிக்கிறேன். 'எங்கள் சேனலைப் பாருங்கள்' என்று ஒரு நொடிகூட அது கெஞ்சவில்லை. இந்தச் சேனலே எதிர்காலத்திலிருந்து வருகிறது என்று நேயரை நம்ப வைத்தது. ஒரு கதையைத் தொடர்ந்து பார்க்கிறவர் விளம்பர இடைவேளையிலும் ரிமோட்டைத் தொட மாட்டார். பணமில்லாத திட்டக்குழு ஒன்று எந்த இடத்தில் மூளையைச் செலவழிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

அமெரிக்க கேபிள் சேனலில் ஒரு மணி நேரத் தொடர் என்றால் கதை ஓடுவது 42 முதல் 44 நிமிடம். மீதியில் பெரும்பங்கு விளம்பரதாரர்களுடையது. சேனல் தன் குரலில் பேசக் கிடைப்பது அந்த மீதியில் ஒரு சிறு துண்டுதான். சேனலை அடையாளம் காட்டும் சில நொடிக் காட்சியான சேனல் ஐடி, நிகழ்ச்சிகளை விளம்பரப்படுத்தும் புரமோ, இடைவேளைக்கு முன்னும் பின்னும் வரும் பம்பர், 'அடுத்து வருவது' அட்டை, திரையின் மூலையில் நாள் முழுக்க நிற்கும் லோகோ. திட்டம் தீட்டுகிறவர்கள் முதலில் எழுத வேண்டிய பட்டியல் இதுதான். ஒரு திரைப்படச் சுவரொட்டியைப் பார்ப்பவர் ஓரிரு முறை பார்ப்பார். ஒரு சேனல் ஐடியை அதே நேயர் ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான முறை பார்ப்பார். நூறாவது முறையும் சலிக்காமல் இருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை பல அழகான யோசனைகளைக் குப்பைக்கு அனுப்பிவிடும். அனுப்பத்தான் வேண்டும்.

இரண்டு எழுத்துக் கேள்வி

2002-ல் இந்தச் சேனல் தன் முகத்தை மாற்ற லண்டனின் லாம்பி-நேர்ன் நிறுவனத்தை நாடியது. அதன் நிறுவனர் மார்ட்டின் லாம்பி-நேர்ன் தொலைக்காட்சி வடிவமைப்பில் ஒரு முன்னோடி. 1982-ல் பிரிட்டனின் 'சேனல் 4' தொடங்கியபோது, வண்ணக் கட்டைகள் பறந்து வந்து 4 என்ற எண்ணாகக் கூடும் அந்தப் புகழ்பெற்ற காட்சியை உருவாக்கியவர். அதைக் கணினியில் செய்து தரும் வசதி அன்று பிரிட்டனில் இல்லாததால் அமெரிக்காவுக்குப் போய்ச் செய்து வந்தார்கள். 2020 டிசம்பர் 25 அன்று அவர் காலமானார்.

ஆனால் திட்டமிடுகிறவர்கள் படிக்க வேண்டிய பாடம் அவருடைய பிபிசி-2 வேலையில் இருக்கிறது. சேனல் மந்தமானது, மேட்டிமைத்தனமானது என்று நேயர்கள் நினைப்பதாக ஆய்வுகள் சொல்லின. 1991 பிப்ரவரியில் 2 என்ற எண்ணை வைத்துப் புதிய ஐடிகள் வந்தன. ஒன்றில் உலோகத்தாலான 2 கத்தி போலத் தரையில் வந்து குத்தி நின்றது. இன்னொன்றில் 2-ன் மேல் வண்ணம் வந்து தெறித்தது. சில மாதங்கள் கழித்துக் கேட்டபோது சேனல் துடிப்பாக இருக்கிறது, நகைச்சுவை தெரிந்தது என்றார்கள் அதே நேயர்கள். நிகழ்ச்சிகளில் மாற்றம் ஏதும் இல்லை. இடையில் வந்த சில நொடிகள்தான் மாறியிருந்தன.

இந்த அனுபவத்தோடு வந்தவர்கள் சை-ஃபை சேனலுக்குச் செய்தது என்ன? சனிக்கோளைக் கைவிடவில்லை, அதை எளிமையாக்கினார்கள். முழக்கமாக, ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துள்ள 'இஃப்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்தார்கள். ஒருவேளை இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று கேட்பதுதானே அறிவியல் புனைகதையின் வேலை. விண்கலமும் லேசர் துப்பாக்கியும் வேற்றுக்கிரகவாசியும் எல்லோருக்கும் தோன்றும் படங்கள். 1981-ல் எம்டிவி என்ற இசைச் சேனல்கூட நிலவில் கொடி நாட்டும் விண்வெளி வீரரைக் காட்டித்தான் தொடங்கியது. எனவே விண்வெளியைக் காட்டினால் மட்டும் தனி அடையாளம் வந்துவிடாது. புதிய ஐடிகள் அன்றாட வாழ்க்கையில் தொடங்கி, அதில் ஒரே ஒரு விஷயத்தைக் கோணலாக்கின. பார்ப்பவர் மீதிக் கதையைத் தானே யோசிக்க வேண்டியிருந்தது. அவருடைய மூளையை நம்பியதுதான் இதன் பெருமை.

வெளியிட்ட நாளும் யோசித்துத் தேர்ந்தெடுத்ததே. 2002 டிசம்பரில் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் தயாரித்த 'டேக்கன்' குறுந்தொடர், பத்துப் பகுதிகளாக, இரண்டு வாரம் ஓடியது. சேனலின் பக்கமே வராதவர்களும் வரப்போகும் அந்த இரண்டு வாரத்தில் புதிய முகம் தயாராக இருந்தது. அடுத்த ஆண்டு சிறந்த குறுந்தொடருக்கான எம்மி விருது 'டேக்கன்' தொடருக்குக் கிடைத்தது. வடிவமைப்புத் திட்டத்தில் பலர் கடைசியாக நிரப்பும் கட்டம் வெளியீட்டுத் தேதி. முதலில் நிரப்ப வேண்டியது அதுதான். எந்த நிகழ்ச்சியின் தோளில் ஏறிப் புதிய சின்னம் வீட்டுக்குள் நுழையப் போகிறது என்று தெரியாமல் ஒரு கோடும் வரையக் கூடாது.

அதே பருவத்தில் ஒரு நெருடலும் இருந்தது. ரசிகர்கள் உயிராய் நேசித்த 'ஃபார்ஸ்கேப்' தொடரை நிறுத்துவதாக 2002 செப்டம்பரில் சேனல் அறிவித்தது. எதிர்ப்பு இயக்கமே தொடங்கிவிட்டது. 2004-ல் ஒரு குறுந்தொடர் எடுத்துக் கதையை முடித்து வைக்கும்வரை ரசிகர்கள் ஓயவில்லை. புதிய லோகோவின் அழகு அந்தக் கோபத்தைத் தணிக்கவில்லை. தணிக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவும் கூடாது.

ஷியாமளன் பெயரில் ஒரு பொய்

விளம்பரத் திட்டம் எல்லை மீறிய கதையும் இந்தச் சேனலிடம் உண்டு. அதில் நம் ஊர்த் தொடர்புள்ள ஒருவர் நடுவில் இருக்கிறார். எம். நைட் ஷியாமளன் புதுச்சேரியின் பகுதியான மாஹேயில் 1970-ல் பிறந்தவர், தாய் தமிழர், தந்தை மலையாளி, வளர்ந்தது பென்சில்வேனியாவில். 'தி சிக்ஸ்த் சென்ஸ்' படத்தால் உலகப் புகழ் பெற்றவர்.

2004 ஜூலையில் அவருடைய 'தி வில்லேஜ்' வெளியாகவிருந்தது. அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்ததாகவும், சங்கடமான கேள்விகள் வந்ததும் அவர் ஒத்துழைக்க மறுத்துவிட்டதாகவும் சை-ஃபை சேனல் செய்தி பரப்பியது. சிறுவயதில் உறைந்த குளத்தில் மூழ்கி ஏறக்குறைய அரை மணி நேரம் இறந்துகிடந்து மீண்டவர் அவர், அன்றிலிருந்து ஆவிகளோடு தொடர்பு என்றது படம். செய்தி நிறுவனங்களும் அந்த மோதலை உண்மையென்று வெளியிட்டன. எல்லாமே ஷியாமளனின் சம்மதத்தோடு நடந்த நாடகம். சேனலின் தலைவராக இருந்த பானி ஹாமர் அதை ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தாய் நிறுவனமான என்பிசி யுனிவர்சல், இது தங்கள் கொள்கைக்கு ஒவ்வாதது என்று அறிவித்தது.

1999-ல் இதே சேனல் 'கர்ஸ் ஆஃப் தி பிளேர் விட்ச்' என்ற போலி ஆவணப்படத்தை ஒளிபரப்பியபோது இத்தகைய கசப்பு வரவில்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? பிளேர் சூனியக்காரி முழுக்கக் கற்பனை. அந்த ஆட்டம் திரைக்கு உள்ளேயே நடந்தது. ஷியாமளன் உயிரோடு இருக்கும் மனிதர். பொய் சொல்லப்பட்டது செய்தியாளர்களிடம், செய்தி என்ற பெயரில். கற்பனைக்குள் நேயரை அழைப்பது இந்தச் சேனலின் தொழில். கற்பனையைச் செய்தி நிறுவனத்தின் வழியாக அனுப்புவது அந்தத் தொழிலுக்கே கேடு. அதன் பிறகு அந்தச் சேனல் ஓர் உண்மையைச் சொன்னாலும் நிருபர் ஒருமுறை சந்தேகிப்பார். இந்த வகை யோசனை திட்டக் கூட்டத்தில் எழும்போது எல்லோரும் கைதட்டுவார்கள். 'இதில் யாரை ஏமாற்றுகிறோம்?' என்று கேட்க அந்த அறையில் ஒருவர் இருந்தாக வேண்டும்.

வழக்கறிஞரின் மேசையில் பிறந்த பெயர்

இனி 2009-க்கு வருவோம். பெயரை மாற்றியதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. 'சை-ஃபை' என்ற சுருக்கத்தை 1954 வாக்கில் பரப்பியவர் ரசிகரும் இதழாசிரியருமான ஃபாரஸ்ட் ஜே. அக்கர்மன். அது ஊர்ச்சொத்து, எந்த நிறுவனமும் தன் வணிகக் குறியாகப் பதிவு செய்துகொள்ள முடியாது. வீடியோ கேம், இணையம், வெளிநாட்டுச் சேனல்கள் என்று விரிய விரும்பிய நிறுவனத்துக்குச் சொந்தம் கொண்டாட ஒரு பெயர் தேவைப்பட்டது. லேண்டார் நிறுவனம் பெயர்த் தேர்வுக்கு உதவியது. லண்டனின் புரவுட் கிரியேட்டிவ் திரைக் காட்சிகளை வடிவமைத்தது. முழக்கம் 'இமேஜின் கிரேட்டர்'. அன்றைய தலைவர் டேவ் ஹவ்.

கெட்டது நடந்தது அடுத்த படியில். விண்வெளி என்றதும் விலகிப் போகிறவர்களை, முக்கியமாகப் பெண்களை, ஈர்க்க வேண்டும் என்றும் சேனல் சொன்னது. அந்த அறிவிப்பை ஒட்டி வந்த பேச்சுகளில், பழைய பெயர் வீட்டின் நிலவறையில் அடைந்துகிடக்கும் தனிமை விரும்பி இளைஞர்களை நினைவூட்டுகிறது என்ற கருத்தும் அச்சில் வந்துவிட்டது. பதினேழு ஆண்டுகள் சேனலைத் தாங்கியவர்கள் அதைப் படித்தார்கள். அறிவியல் புனைகதை வாசித்தும் எழுதியும் வந்த பெண்கள் எத்தனையோ பேர், அவர்களும் படித்தார்கள். புதிய நேயரை வரவேற்கப் பழைய நேயரைத் திண்ணையிலிருந்து எழுப்பி அனுப்பத் தேவையே இல்லை. பெயருக்கு எழுந்த கேலியை விட இந்தக் காயம் ஆழமானது என்பது என் கருத்து.

பெயரிலும் சிக்கல் இருந்தது. போலந்து மொழியில் அந்த எழுத்துகள் அருவருப்பான பொருள் தரும் கொச்சைச் சொல்லாக ஒலிக்கும். அங்கே மட்டும் சேனல் 'சை-ஃபை யுனிவர்சல்' என்று இயங்கியது. உலகம் முழுக்க ஒரே பெயர் வேண்டும் என்று தொடங்கிய திட்டத்துக்கு இது நேரடியான அடி.

இருந்தும், 2009 ஜூலை 7 அன்று புதிய பெயரோடு சேர்ந்து தொடங்கிய 'வேர்ஹவுஸ் 13' தொடரை ஏறக்குறைய 35 லட்சம் பேர் பார்த்தார்கள். அன்றைய சேனலுக்கு அது பெரிய கூட்டம். பெயர் மாற்றம் வென்றது என்று சிலர் இதைக் காட்டினார்கள். என்னால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. துப்பறியும் இருவர், மர்மப் பொருள்கள் நிறைந்த கிடங்கு, நல்ல நகைச்சுவை என்று அந்தத் தொடர் தன் காலில் நின்றது. பழைய பெயரிலும் அது ஓடியிருக்கும்.

அதே ஆண்டுகளில் சேனல் செய்த ஓர் உருப்படியான வேலை திரைக்கு வெளியே நடந்தது. சான் டியாகோ காமிக்-கான் திருவிழாவின்போது அங்குள்ள ஹார்ட் ராக் ஓட்டலின் உணவகத்தைத் தன் 'யுரேகா' தொடரில் வரும் 'கஃபே டியெம்' ஆக மாற்றியது. தொடரில் பார்த்த கடைக்குள் ரசிகர்கள் உண்மையாகவே போய் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். லண்டனில் செய்த லட்சணமான கிராபிக்ஸை விட இந்தச் சாப்பாட்டு மேசை சேனலை நன்றாக அறிமுகப்படுத்தியது என்று சொல்வேன்.

மற்றபடி அந்தக் காலம் குழப்பமானது. மல்யுத்த நிகழ்ச்சிகள் சேனலில் இடம் பிடித்தன. 2013 ஜூலை 11 அன்று 'ஷார்க்நேடோ' வந்தது. சூறாவளியில் சுறாக்கள் பறக்கும் படம். உச்ச நேரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5,000 ட்விட்டர் பதிவுகள் கொட்டின. முதல் ஒளிபரப்பைப் பார்த்தவர்கள் சுமார் 13.7 லட்சம், பேச்சு பரவியதும் மூன்றாம் ஒளிபரப்பில் 21 லட்சம். அதற்கு வடிவமைப்பாளர் தேவைப்படவில்லை, தலைப்பே சுவரொட்டி. ஆனால் 'கலாக்டிகா'வைப் பார்க்க வந்தவருக்கு இந்தச் சேனல் இன்னும் தன்னுடையதா என்ற ஐயம் தட்டியதில் வியப்பில்லை.

திரும்பி வந்த பாதை

2017-ல் சேனலுக்கு 25 வயது. நியூயார்க்கின் லாயல்காஸ்பர் நிறுவனம் செய்த புதிய தோற்றம் ஜூன் 19 அன்று வந்தது. வளைந்து குழைந்த சிறிய எழுத்துகள் போய், பருத்த பெரிய எழுத்துகள் வந்தன. முழக்கம் ரசிகர்களையே மையமாக்கியது. இந்த வகைக் கதைகளை நேசிப்பவர்களே எங்கள் மக்கள் என்று சேனல் வெளிப்படையாகச் சொன்னது. எட்டு ஆண்டுகளுக்கு முன் யாரிடமிருந்து விலகியதோ அவர்களிடமே வந்து சேர்ந்தது. இதை நான் மனதார வரவேற்கிறேன். தவறான திசை என்று உணர்ந்து திரும்பும் நிறுவனங்கள் குறைவு.

ஆனால் மறு ஆண்டே 'தி எக்ஸ்பான்ஸ்' தொடரை மூன்று பருவங்களோடு சேனல் கைவிட்டது. தொடரைத் தொலைக்காட்சியில் முதலில் ஒளிபரப்பும் உரிமை மட்டுமே கையில் இருந்தது; பின்னர் இணையத்தில் பார்ப்பவர்களால் சேனலுக்கு வருமானம் இல்லை. ரசிகர்கள் பணம் திரட்டி ஒரு விமானத்தை அமர்த்தி, தொடரைக் காப்பாற்றச் சொல்லும் பதாகையோடு அமேசான் அலுவலகத்தின் மேல் பறக்கவிட்டார்கள். அமேசான் தொடரை எடுத்துக்கொண்டது. ரசிகர்களே உலகம் என்று சின்னம் சொல்கிறது. ஒப்பந்தப் பத்திரம் வேறு சொல்கிறது. வடிவமைப்புக் குழுவுக்கு இந்தப் பத்திரங்கள் கண்ணில் படுவதேயில்லை. படவேண்டும். எந்தத் தொடர் எத்தனை ஆண்டு நம்மிடம் இருக்கும் என்று தெரியாமல் அதன் முகத்தைச் சேனலின் முகமாக்கினால், தொடர் போகும் நாளில் சேனலும் முகமிழந்து நிற்கும்.

2024 நவம்பரில் காம்காஸ்ட் நிறுவனம் தன் கேபிள் சேனல்கள் பலவற்றைத் தனி நிறுவனமாகப் பிரிப்பதாக அறிவித்தது. பின்னர் அதற்கு 'வெர்சன்ட்' என்று பெயரிட்டது. அந்தப் பட்டியலில் சைஃபையும் உண்டு. அப்படியென்றால் எங்கோ ஒரு மேசையில் அடுத்த வடிவமைப்புத் திட்டத்துக்கு வேலை காத்திருக்கிறது.

அந்தத் திட்டம் கைப்பேசியின் விரல்நகம் அளவுள்ள சதுரத்தில் தொடங்க வேண்டும். சின்னத்தை அநேகர் இன்று முதலில் காணும் இடம் அதுதான். அங்கே தெரியாத நுணுக்கம் பெரிய திரையிலும் வேண்டாம். படம் பாராமல் அடுப்படியிலிருந்து கேட்பவருக்கும் சேனல் இன்னதென்று புரியும்படி மூன்று நொடி ஒலி ஒன்று வேண்டும். அதற்கான இசையமைப்பாளரை லோகோ முடிந்த பிறகு தேடாமல், முதல் வாரத்திலேயே அழைக்க வேண்டும். வசனம் ஓடும்போது திரையின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு குதிக்கும் புரமோக்களை அடியோடு நிறுத்தலாம். கதையில் ஆழ்ந்திருப்பவரைத் தோளைத் தட்டிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. செலவுக் கணக்கில் வெளியீட்டு நாளோடு எல்லாம் தீர்ந்துபோகாமல், அடுத்த ஓராண்டு வாரந்தோறும் புதிய அரை நிமிடக் கதைகள் எடுக்கப் பணம் ஒதுக்க வேண்டும். இளம் எழுத்தாளர்களுக்கு அது நல்ல களமாகவும் இருக்கும்.

ரசிகர்களைச் சின்னம் தயாரான பிறகு கருத்துக் கேட்கக் கூப்பிடுவதில் பயனில்லை. வடிவமைப்பாளருக்கான முதல் குறிப்பை எழுதும்போதே சிலரை உட்கார வைக்க வேண்டும்: 'டார்க் ஷேடோஸ்' காலத்திலிருந்து பார்க்கும் முதியவர், 'கலாக்டிகா'வால் உள்ளே வந்த பெண், கேம் வழியாக இந்தக் கதைகளுக்குப் பழகிய கல்லூரி மாணவர். எந்தக் காட்சியில் இந்தச் சேனலோடு ஒட்டிக்கொண்டீர்கள், எந்த அறிவிப்பில் விலகினீர்கள் என்ற இரண்டு கேள்விகளையும் அவர்களிடம் கேட்டுப் பதிலை எழுதி வைத்துக்கொண்டால், வடிவமைப்பாளர் வண்ணத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கலாம்.